சென்ட், ஏர்ஸ், நூல், இஞ்சு: அளவு மாற்றும்போது எங்கே தப்பாகிறது? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பட்டாவில் ஏர்ஸ், பத்திரத்தில் சென்ட், புரோக்கர் வாயில் கிரவுண்டு, கொத்தனார் டேப்பில் அடி, இன்ஜினியர் வரைபடத்தில் மில்லிமீட்டர். ஒரே மனைக்கு இத்தனை பாஷை. பெருக்கிப் பார்க்க செல்போன் போதும், அதில் யாரும் தப்பு செய்வதில்லை. எந்த எண், எந்த அளவின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் பெருக்குவதில்தான் பணம் போகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் அடிக்கடி எழும் கேள்விகள் இங்கே.

ஒரு இஞ்சு 25.4 மி.மீ. என்பது தோராயமா, துல்லியமா?

துல்லியம். 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதிலிருந்து ஒரு அடி 30.48 செ.மீ., ஒரு இஞ்சு 25.4 மி.மீ. என்பதெல்லாம் மிச்சமில்லாமல் வரும். மறுபக்கம் திருப்பினால்தான் வால் நீளும்: ஒரு மீட்டர் 3.2808 அடி. வீட்டு வேலைக்கு 3.28 போதும். 'மூணே கால் பக்கம்' என்று வாய்க்கணக்கு போடுகிறவர்களிடம் மனையை அளக்கக் கொடுக்காதீர்கள். 3.3 என்று வைத்தாலே 1200 சதுர அடி மனையில் 14 சதுர அடி கூடிவிடும்.

சிட்டாவில் '0 - 04.50' என்று இருக்கிறது. எத்தனை சென்ட்?

11.12 சென்ட். இந்த ஊரில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஹெக்டேர், வலப்பக்கம் இருப்பது ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர். நடுவில் உள்ள கோடு தசமப் புள்ளி அல்ல. '0 - 04.50' என்றால் நாலரை ஏர்ஸ், அதாவது 450 சதுர மீட்டர். கையால் நகல் எடுக்கும்போது முன்னால் உள்ள சுழியை விட்டுவிட்டு '0-4.5' என்று எழுதுவார்கள். அடுத்தவர் அதை '0.45 ஹெக்டேர்' என்று படிப்பார். 11 சென்ட் 111 சென்டாகிவிடும். பத்து மடங்கு என்பதால் நேரில் போய்ப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். போகாமலே அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

மாற்றும் வழி: ஏர்ஸை 2.471-ஆல் பெருக்கினால் சென்ட். சென்டை 40.47-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர், 435.6-ஆல் பெருக்கினால் சதுர அடி. '0 - 34.50' என்றால் 34.5 × 2.471 = 85.25 சென்ட். நகர்ப்புற நில அளவைப் பதிவேட்டில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். காட்பாடி, சத்துவாச்சாரி மனைக்கு ஒரு கணக்கு, ஊர்க்கோடி புஞ்சைக்கு ஒரு கணக்கு என்று தோன்றுவது இதனால்தான்.

ஒரு கிரவுண்டு ஐந்தரை சென்ட்தானே?

கிட்டத்தட்ட. கிரவுண்டு 2400 சதுர அடி. ஐந்தரை சென்ட் 2395.8 சதுர அடி. நாலு சதுர அடிக்காக யாரும் சண்டை போட வேண்டாம். ஆனால் 'ஒரு சென்ட் நாற்பது சதுர மீட்டர்' என்று சுருக்கினால், ஒரு ஏக்கரில் (நூறு சென்ட்) 46.86 சதுர மீட்டர் காணாமல் போகும். அது ஒரு சென்டுக்கும் மேல். சில்லறையில் பொறுக்கக்கூடிய தோராயம் மொத்தத்தில் பொறுக்காது.

பழைய புலப்படத்தில் (சர்வே எண்ணின் வரைபடம்) 250 என்று போட்டிருக்கிறது. அளந்தால் 165 அடிதான் வருகிறது. நிலம் குறைகிறதா?

குறையவில்லை. பழைய படங்களில் இருப்பது அடி அல்ல, லிங்க். 66 அடி நீளச் சங்கிலியை நூறு கண்ணியாகப் பிரித்தால் ஒரு கண்ணி ஒரு லிங்க்: 0.66 அடி, அதாவது 20.12 செ.மீ. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் குன்டரின் சங்கிலி இது. 250 லிங்க் சரியாக 165 அடி, 50.29 மீட்டர்.

சங்கிலிக் கணக்கு சர்வேயருக்கு ரொம்ப வசதி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்பதால் ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். 250 லிங்க் × 160 லிங்க் நிலம் 40,000 சதுர லிங்க். மூன்று சுழியை வெட்டினால் 40 சென்ட். மெட்ரிக் வருவதற்கு முன்பே இதற்குள் ஒரு தசமக் கணக்கு இருந்திருக்கிறது. புதிய புலப்படங்களில் எண்கள் மீட்டரில் இருக்கும். எது என்று சந்தேகம் வந்தால் பக்கங்களைப் பெருக்கிப் பார்த்து, பதிவேட்டின் பரப்போடு எந்த அளவு ஒத்துப்போகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா காலப் பத்திரத்தில் 'குழி', 'காணி' என்று இருக்கிறதே?

கோல் நீளம் தெரியாமல் மாற்றாதீர்கள். சென்னை, செங்கல்பட்டுக் கணக்கில் 24 அடிக் கோல் சதுரம் ஒரு குழி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். 12 அடிக் கோல் புழங்கிய இடத்தில் குழி 144 சதுர அடிதான், நாலில் ஒரு பங்கு. பத்திரத்தில் உள்ள நான்கெல்லையையும் சர்வே எண்ணையும் வைத்து இன்றைய பரப்பைப் பிடியுங்கள்.

அறை பத்தடி ஆறு இஞ்சு. கால்குலேட்டரில் 10.6 என்று போடலாமா?

கூடாது. ஆறு இஞ்சு அரை அடி, ஆகவே 10.5. பன்னிரண்டால் வகுத்த பிறகுதான் புள்ளிக்கு வலப்பக்கம் போக வேண்டும். 10 அடி 6 இஞ்சு × 12 அடி 9 இஞ்சு அறையின் சரியான பரப்பு 10.5 × 12.75 = 133.9 சதுர அடி. 10.6 × 12.9 என்று போட்டால் 136.7. டைல்ஸ் வாங்கினால் மூணு சதுர அடி அதிகம், பரவாயில்லை. 10 அடி 10 இஞ்சு வந்தால்தான் வேடிக்கை: 10.10 என்று தட்டினால் கால்குலேட்டர் அதைப் பத்தே அரைக்கால் கூட இல்லாத 10.1 ஆக்கிவிடும். உண்மை 10.83. பன்னிரண்டடி அகல அறையில் எட்டேமுக்கால் சதுர அடி குறையும், கடைசி வரிசைக்கு டைல்ஸ் பற்றாது. அதே பேட்ச், அதே நிறம் மறுபடி கிடைக்காது.

ஆசாரி சொல்லும் 'ரெண்டு இஞ்சு மூணு நூலு'க்கும் இதே விதிதான். நூல் என்பது அரைக்கால் இஞ்சு, எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. எனவே 2.375 இஞ்சு, 60.3 மி.மீ. இதை 2.3 என்று எழுதினால் 58.4 மி.மீ. ஆகி, கதவு இரண்டு மி.மீ. ஆடும். டேப்பில் இஞ்சு அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகவே பிரிகிறது. நம் பழைய பின்னக் கணக்கும் அப்படியே என்பதால்தான் தச்சுவேலையை விட்டு இஞ்சு போக மாட்டேன் என்கிறது.

1200 சதுர அடியை மீட்டராக்க 3.28-ஆல் வகுத்தேன். 366 வந்தது. சரியா?

தப்பு. 3.28 நீளத்துக்கு மட்டும். பரப்புக்கு அதையே இரண்டு முறை வகுக்க வேண்டும், அதாவது 10.764-ஆல். விடை 111.5 சதுர மீட்டர். கொள்ளளவுக்கு மூன்று முறை: ஒரு கன மீட்டர் 35.31 கன அடி.

இதன் தம்பி ஒன்று உண்டு. 30 × 40 மனையின் பக்கங்களை 9.1 மீட்டர், 12.2 மீட்டர் என்று சுருக்கிப் பெருக்கினால் 111.02 வரும். திரும்ப அடியாக்கினால் 1195. ஐந்து சதுர அடியை யாரும் எடுக்கவில்லை, ரவுண்டு பண்ணியதில் போனது. முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

கம்பிக் கடையில் 'நாலு நூல் கம்பி' என்றால் 12 மி.மீ.தானா?

கடையில் கொடுப்பது அதுதான். கணக்கில் அதுவல்ல. நாலு நூல் அரை இஞ்சு, 12.7 மி.மீ. கம்பியின் வலு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 12-க்கும் 12.7-க்கும் இரும்பில் 12 சதவீதம் வித்தியாசம். பழைய நூல் அளவில் போட்ட வரைபடத்துக்கு இன்றைய மில்லிமீட்டர் கம்பியை எண்ணிக்கை மாற்றாமல் வைத்தால் பீமில் இரும்பு குறையும். மூணு நூலுக்கு 10 (உண்மையில் 9.5), ஐந்து நூலுக்கு 16 (15.9) என்று போனால் குறையாது. அரை இஞ்சில்தான் கவனம் தேவை.

எடைக்குச் சூத்திரம்: மில்லிமீட்டர் விட்டத்தை வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 144 ÷ 162 = 0.889 கிலோ. 'நாற்பதடிக் கம்பி' உண்மையில் 12 மீட்டர், 39 அடி 4½ இஞ்சு. ஆக ஒரு கம்பி 10.67 கிலோ. நாற்பதடியை மூன்றாக வெட்டி 13 அடி 4 இஞ்சு துண்டு வேண்டும் என்று திட்டமிட்டால் மூன்றாவது துண்டு ஏழரை இஞ்சு குட்டையாக வரும்.

ரெடிமிக்ஸ் எத்தனை கன மீட்டர் சொல்ல வேண்டும்?

ஆயிரம் சதுர அடி தளம், ஐந்து இஞ்சு கனம் என்று வைப்போம். ஐந்து இஞ்சு 0.5 அடி அல்ல, 0.4167 அடி. 416.7 கன அடியை 35.31-ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். பீம் கணக்கும் சேதாரமும் தனி. எம்-சாண்ட், ஜல்லி 'யூனிட்'டில் வரும்: ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். 'ஒரு லோடு' என்பது அளவே அல்ல. லாரிப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து பெருக்கிவிட்டுப் பணம் கொடுங்கள். டிரைவர் முகம் சுளித்தால் அளக்க வேண்டிய லாரி அதுதான்.

மரக்கடையின் கன அடியும் என் கன அடியும் ஒத்துப்போகவில்லையே?

அறுத்த மரமா, உருட்டு மரமா? அறுத்த மரத்துக்கு அகல இஞ்சு × கன இஞ்சு × நீள அடி, வகுத்தல் 144. நாலுக்கு மூணு, பத்தடி என்றால் 0.83 கன அடி. உருட்டு மரத்தில் சுற்றளவின் நாலில் ஒரு பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்கும் பழைய பிரிட்டிஷ் முறை இருக்கிறது. 48 இஞ்சு சுற்றளவு, பத்தடி நீளக் கட்டைக்கு அது 10 கன அடி காட்டும். வட்டக் கணக்குப்படி உண்மை அளவு 12.73. அறுக்கும்போது போகும் சேதாரத்துக்கான சலுகை இது, ஏமாற்று அல்ல. ஆனால் கன மீட்டரில் விலை சொல்லும் மரத்தோடு ஒப்பிடும்போது, அந்தக் கன அடியில் ஒரு கன மீட்டருக்கு 27.74 வரும், 35.31 அல்ல. இதைத் தவறவிட்டால் விலை கால்வாசிக்கு மேல் புரளும்.

'ஒரு இஞ்சு' பைப்புக்கு 'ஒரு இஞ்சு' கப்ளிங் ஏன் ஏறவில்லை?

ஏனென்றால் இரண்டிலும் ஒரு இஞ்சு எங்குமே இல்லை. தோட்டத்துக்குப் போடும் பி.வி.சி.யில் 'ஒரு இஞ்சு' என்பது 32 மி.மீ. வெளிவிட்டம். வீட்டு வேலைக்கு வரும் யு.பி.வி.சி. (செட்யூல் 40 அல்லது 80 என்று அச்சிட்டிருக்கும்) ஒரு இஞ்சு 33.4 மி.மீ. சுடுதண்ணீருக்கான சி.பி.வி.சி. ஒரு இஞ்சு 28.6 மி.மீ. மூன்றுக்கும் கடைக்காரர் ஒரே பெயர் சொல்வார். 32 மி.மீ. பைப்பை 33.4 சாக்கெட்டில் நுழைத்து நிறைய பசை தடவினால் நிற்பது போல் நிற்கும். மோட்டார் போட்டதும் பிடுங்கிக்கொள்ளும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் மரை அடாப்டர் போட்டு மரையில் இணையுங்கள்.

பி.வி.சி.க்கு நினைவில் வைக்க: அரை இஞ்சு 20, முக்கால் 25, ஒன்று 32, ஒன்றேகால் 40, ஒன்றரை 50, இரண்டு 63, மூன்று 90, நாலு 110. மரையும் அப்படியே. அரை இஞ்சுக் குழாய் மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் 21 மி.மீ. வரும். அளந்ததை மாற்றிப் பெயர் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பழைய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

போர்வெல்லில் 'ரெண்டு இஞ்சு தண்ணி' என்றால் எவ்வளவு?

வண்டிக்காரர்கள் தண்ணீரை 'வி' வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே விட்டு, அதன் உயரத்தை இஞ்சில் சொல்கிறார்கள். 90 பாகை வெட்டில் ஒரு இஞ்சு உயரம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர். ஒன்றரை இஞ்சு சுமார் 23, இரண்டு இஞ்சு சுமார் 48, மூன்று இஞ்சு சுமார் 133 லிட்டர். இரண்டு இஞ்சு என்பது ஒரு இஞ்சின் இரட்டிப்பு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். உயரம் கூடக் கூட வெட்டின் அகலமும் கூடுவதால் இப்படி. 'ரெண்டு இஞ்சு பைப் நிறைய வந்தது' என்பது வேறு பேச்சு, அதை இந்தக் கணக்கில் போடக்கூடாது.

ஆழம் அடியில், பம்பின் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) மீட்டரில் என்பதும் தொல்லைதான். பெயர்ப் பலகையில் 'ஹெட் 150' என்றால் 492 அடி. அதை அடி என்று எண்ணி, 'நமக்கு 450 அடி, இது போதாது' என்று மூன்று மடங்கு பெரிய மோட்டாருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் பில்லில் '24²' என்று இருக்கிறது. வர்க்கமா?

இல்லை. மேலே உள்ள சின்ன எண் கால் பங்குகளைக் குறிக்கும். 24² என்றால் இருபத்து நாலே இரண்டு கால், 24.5 சதுர அடி. 24³ என்றால் 24.75. கணினியில் ஏற்றுபவர் 24.2 என்று போட்டால் ஒரு தோலுக்கு 0.3 சதுர அடி குறையும். ஆயிரம் தோல் லாட்டில் எல்லாமே அப்படி என்றால் 300 சதுர அடி.

ஐரோப்பிய ஆர்டர் சதுர மீட்டரில் வந்தால், அளவை 10.764-ஆல் பெருக்கிச் சதுர அடியாக்குகிறோம். விலையை அதே எண்ணால் வகுக்க வேண்டும். 500 சதுர மீட்டர் 5382 சதுர அடி, சதுர மீட்டருக்கு 1300 ரூபாய் என்றால் சதுர அடிக்கு 120.77. இரண்டையும் பெருக்கிவிட்டு 'நல்ல ரேட்' என்று மகிழ்ந்தால் கொட்டேஷன் சிரிப்புக்கிடமாகும். சதுர டெசிமீட்டர் கேட்டால் ஒரு சதுர அடிக்கு 9.29. கனத்தில் ஒரு அவுன்ஸ் இஞ்சின் 64-இல் ஒரு பங்கு, சுமார் 0.4 மி.மீ. '3-4 அவுன்ஸ்' தோல் 1.2 முதல் 1.6 மி.மீ. வரை. இந்த அவுன்ஸுக்கும் தங்கத்தின் அவுன்ஸுக்கும் (31.1 கிராம்) உறவில்லை.

ஷூ சைஸ் 8 ஏன் 42 ஆகிறது?

இரண்டும் கால் நீளத்தை அல்ல, ஷூவை வைத்துத் தைக்கும் அச்சுக்கட்டையின் நீளத்தை எண்ணுகின்றன. பிரிட்டிஷ் சைஸ் ஒன்றுக்கு ஒன்று மூன்றில் ஒரு பங்கு இஞ்சு (8.47 மி.மீ.) கூடும். ஐரோப்பிய சைஸ் மூன்றில் இரண்டு பங்கு செ.மீ. (6.67 மி.மீ.) கூடும். 8-க்குக் கட்டை 11 இஞ்சு, 279.4 மி.மீ. அதை 6.67-ஆல் வகுத்தால் 41.9. படிகள் சமமில்லாததால் '34-ஐக் கூட்டு' என்ற குறுக்குவழி 7-க்கும் 8-க்கும் 9-க்கும் சரியாக வந்து, 6-க்கு 39.4, 10-க்கு 44.4 என்று இடறும். கம்பெனிக்குக் கம்பெனி பாதி சைஸ் மாறுவது இங்கேதான்.

குடியாத்தம் லுங்கியில் 40-ஆம் நம்பர் நூல். இது டெக்ஸில் எவ்வளவு?

14.8. 590.5-ஐ நம்பரால் வகுங்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அது நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் ஆயிரம் மீட்டரின் கிராம் எடை, ஏற ஏற நூல் தடிக்கும். 60-ஆம் நம்பர் 9.8 டெக்ஸ். இதுவும் நூல்தான், ஆசாரியின் நூல் வேறு.

பேப்பரில் வேலூர் 106 டிகிரி, செல்போனில் 41. எது சரி?

இரண்டும். தமிழ்ச் செய்தித்தாள் வெயிலை ஃபாரன்ஹீட்டில் போடுகிறது, செல்போன் செல்சியஸில் காட்டுகிறது. செல்சியஸை இரட்டித்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள்: 40 → 80 → 72 → 104. இது தோராயமல்ல, அசல் சூத்திரமே. 'இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்' என்ற அறிவிப்பை மாற்றும்போது 32 கூட்டக்கூடாது. அது வித்தியாசம், 5.4 ஃபாரன்ஹீட் மட்டும். கூட்டினால் அக்னி நட்சத்திரத்தில் ஊரே எரிந்திருக்க வேண்டும்.

சட்டப்படி மெட்ரிக்தானே, பிறகு ஏன் இந்தக் குழப்பம்?

1956 சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் வந்தது. இன்று 2009 எடையளவுச் சட்டம் நடப்பில் உள்ளது. கடையில் கிலோவும் லிட்டரும் முழுசாக ஒட்டிக்கொண்டன, ஏனென்றால் அரிசியும் பாலும் அன்றாடம் தீர்ந்துபோகும். நிலமும் வீடும் தீராது. பழைய பத்திரம், பழைய சுவர், பழைய குழாய் இருக்கும்வரை அவற்றின் அளவும் கூடவே இருக்கும். பவுன் மட்டும் நடுவில் மாறிக்கொண்டது. பிரிட்டிஷ் சவரன் 7.988 கிராம், நம் கடைப் பவுன் சுத்தமாக 8 கிராம்.